விலைப் பத்தியும் விவரப் பத்தியும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுத் தலைநகர் வந்து சேர்ந்த நம்மவர் ஒவ்வொருவர் வீட்டிலும், பெட்டிக்கு அடியில் ஊரின் நினைவாக ஒரு பொருள் இருக்கும். ஒருவர் வீட்டில் பாட்டியின் வெண்கலக் கும்பா. மற்றொருவர் வீட்டில் தந்தையாரின் கடிதக் கட்டு. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியேற்று 2005-ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்த நாம், சட்டைகளுக்கு இடையே பத்திரப்படுத்திக் கொணர்ந்தது ஓர் அஞ்சல்தலை ஆல்பம்.

பள்ளிப் பருவத்தில் அஞ்சல்தலைகளைச் சேர்த்தோமே தவிர, அவற்றைப் படிக்கக் கற்றோமில்லை. 'மாக்யார்' என்று அச்சான தலை எந்த நாட்டினுடையது? 'ஹெல்வெஷியா' எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் அப்படி நாடுகளே இல்லை. நாட்டின் பெயரே இன்றி, அரசியின் முகம் மட்டும் தாங்கிய தலைகளும் இருந்தன. ஊரும் பேரும் தெரியாத வழிப்போக்கர் சத்திரத்துத் திண்ணையில் படுத்திருப்பது போல், அவை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பல்லாண்டு கிடந்தன.

தில்லி வந்த மறு ஆண்டு, தரியாகஞ்ச் நடைபாதையில் அவற்றுக்கு விடை கிடைத்தது. 2019-ல் வேறிடத்திற்கு மாற்றப்படும் வரை, ஞாயிறுதோறும் அந்த நடைபாதையில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடக்கும். அக்குவியலிலிருந்து, இங்கிலாந்தின் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட உலக அஞ்சல்தலைப் பட்டியலின் பழைய பதிப்பொன்றை, அட்டை கிழிந்த நிலையில், 150 ரூபாய் கொடுத்து வாங்கினோம். சேகரிப்போர் இத்தகைய நூலைக் 'கேட்டலாக்' என்பர். அன்றிரவு நாம் உறங்கவில்லை. மாக்யார் என்பது ஹங்கேரி, ஹெல்வெஷியா என்பது சுவிட்சர்லாந்து, பெயரில்லாதவை பிரிட்டனுடையவை. 1840-ல் உலகின் முதல் அஞ்சல்தலையை வெளியிட்ட நாடாதலின், தன் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அதற்கு ஏற்படவில்லை. திண்ணையில் கிடந்தோர் அனைவரும் ஒரே இரவில் ஊர் போய்ச் சேர்ந்தனர்.

இத்தகைய பட்டியல்கள் 1861-லேயே பிரான்சில் தோன்றிவிட்டன. கிப்பன்ஸ் பட்டியல் 1865-லும், அமெரிக்காவின் ஸ்காட் பட்டியல் 1868-லும், ஜெர்மனியின் மிக்கேல் பட்டியல் 1910-லும் தொடங்கின. ஒவ்வொன்றும் தன் போக்கில் எண் இடும். அலுவலகத்தில் ஓர் எண், ரேஷன் அட்டையில் வேறோர் எண் என்று நாம் வாழ்வது போலவே அஞ்சல்தலையும் வாழ்கிறது. ஆதலால், எண்ணைச் சொல்பவர் எந்தப் பட்டியலின் எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகப் பட்டியல் சுருக்க நூல்; படமும் நிறமும் விலையும் மட்டுமே அதில் உண்டு. நுட்பம் வேண்டுவோர் விரிவான தொகுதியை நாட வேண்டும். சில மாதம் சிக்கனம் பிடித்து, இந்தியா அடங்கிய தொகுதியையும் வாங்கினோம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது வெளியான இந்திய வரைபடத் தலைகள் நம்மிடம் நிறைய இருந்தன. எல்லாம் ஒன்றே என்று எண்ணியிருந்தோம். அன்று, முதலில் வந்தவற்றின் தாளில் நட்சத்திர நீர்க்குறி, 1958 முதல் வந்தவற்றில் அசோகத் தூணின் சிங்கத் தலை. தலையைக் கவிழ்த்துக் கறுப்புத் தட்டில் வைத்து இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டால் குறி தெரியும். இல்லத்தரசியார் அந்த வாடைக்கு அஞ்சி, நம்மைப் பால்கனிக்கு அனுப்பிவிடுவார். ஓரத்துத் துளைகளை 2 சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எண்ணக் கற்றதும் அந்தப் பால்கனியில்தான்.

இவ்வாறு எட்டாண்டு கழிந்தது. தெருவில் நமக்கு 'ஸ்டாம்புக்காரர்' என்ற பெயரும் வந்தது. அந்தப் பெயர்தான் வினையாயிற்று.

2014-ஆம் ஆண்டில், பக்கத்துத் தெருவில் பேத்தியுடன் வசித்த தமிழம்மையார் ஒருவர், காலஞ்சென்ற தம் கணவரின் ஆல்பத்தை நம்மிடம் கொடுத்தார். "தம்பி, பேத்திக்குக் காலேஜ் பணம் கட்டணும். இதுக்கு என்ன பெறும்னு பாத்துச் சொல்லுப்பா" என்றார். நாம் பட்டியலுடன் அமர்ந்தோம். 1931-ல் புதுதில்லித் திறப்பு விழாவிற்கு வெளியிட்ட தலைகள் இருந்தன. 1948-ல் சுவிட்சர்லாந்தில் அச்சான காந்தியடிகள் வரிசையும், அதன் உச்சமான 10 ரூபாய்த் தலையும் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் உள்ள விலையைக் கூட்டினோம். பவுண்டை நூறால் பெருக்கினோம். ஏறத்தாழ 1,85,000 ரூபாய் வந்தது. பெருமிதத்துடன் அம்மையாரிடம் சொன்னோம். அவர் கண் கலங்கியது.

அடுத்த வாரம் ஆல்பத்தை ஒரு வணிகரிடம் எடுத்துச் சென்றோம். அவர் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். நாம் பட்டியலைக் காட்டி வாதிட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை; நம் நூலின் முன்னுரைப் பக்கத்தைத் திறந்து நம் பக்கம் திருப்பி வைத்தார்.

அதில் யாவும் தெளிவாக இருந்தன. அச்சிட்ட விலை, குற்றமற்ற தலையை வெளியீட்டாளர் தாம் விற்கும் விலை. எவரும் வாங்கும் விலையன்று. மலிவான தலைக்குப் போட்டிருக்கும் மிகக் குறைந்த விலையோ, எடுத்துக் கொடுக்கும் வேலைக்கான கூலி. அத்தகைய நூற்றுக்கணக்கான கூலிகளைத் தலையின் மதிப்பென்று நாம் கூட்டியிருந்தோம். முத்திரை குத்தாத தலைகளுக்கெல்லாம் புதியவற்றுக்கான பத்தியிலிருந்து விலை எடுத்தோம். பெரியவர் அவற்றை மைதாப் பசையால் ஒட்டியிருந்ததைக் கருதவில்லை. காந்தியடிகளின் 10 ரூபாய்த் தலைக்கு ஒரு மூலையே இல்லை.

விதிநூலின் அடிக்குறிப்பைப் பாராமல் ஒரு கோப்பையும் மேலே அனுப்பியறியாத எழுத்தர் நாம். அத்தகைய நாம், எட்டாண்டு வைத்திருந்த நூலின் முன்னுரையைப் படித்ததில்லை.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னோம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஊர்ல அண்ணன் பணம் அனுப்பறேன்னாரு. வேணாம், இங்கயே கிடைச்சிடும்னு சொல்லிட்டேன், தம்பி" என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது போல் எந்த மேலதிகாரியின் கடிந்துரையும் சுட்டதில்லை. வேண்டாமென்ற வாயால் மீண்டும் கேட்க மனமின்றி, அவர் வளையல்களை அடகு வைத்தார். அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று ஒரு பகுதியை நாம் கொடுக்க முன்வந்தோம்; அவர் ஏற்கவில்லை. "ஆல்பத்தை ஒழுங்கு பண்ணிக் குடு, அது போதும்" என்றார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோம். வெந்நீரில் நனைத்துப் பசை நீக்கி, உலர்த்தி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தலையின் கீழும் எண்ணும் ஆண்டும் எழுதினோம். விலைப் பத்தியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டோம்.

ஐந்தாம் ஞாயிறன்று, 1949 ஆகஸ்டு 15-ல் தொடங்கிய தொல்பொருள் வரிசை வந்தது. அதன் ஓரணாத் தலையில் போதிசத்துவர் இருக்கிறார். படம் இடவலம் மாறி அச்சானதால், முதலில் வந்த தலையில் அவர் இடக்கையை நீட்டியிருப்பார். 1950-ல் திருத்தி வெளியிட்டதில் வலக்கை. பட்டியல் இவ்விரண்டுக்கும் தனித்தனி எண் தருகிறது. பெரியவர் இரண்டையும் அருகருகே ஒட்டியிருந்தார். பசை நீங்கிய இடத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள்: "கை மாறியது."

அவரிடம் பட்டியல் ஏதும் இருந்ததில்லை என்றார் அம்மையார். அலுவலகம் விட்டு வந்து, விளக்கடியில் பூதக்கண்ணாடியுடன் உட்காருவாராம். கண்டதைத் தம் தமிழில் குறித்து வைத்தாராம். இதைக் கேட்ட பேத்தி ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவ்விரு கைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் விற்பனைப் பேச்சு எழவில்லை.

அன்பர்களே, நம்மவர் வீட்டுப் பரணிலிருந்து இப்படி ஓர் ஆல்பம் என்றேனும் இறங்கி வரும். பட்டியல் நூலை இரவல் வாங்கியேனும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல்தலையின் ஊரையும் பேரையும் வயதையும் அதைப் போல் சொல்வார் வேறில்லை. விலையைப் படிக்கு முன் முன்னுரையைப் படியுங்கள். பிறர் பொருளுக்கு விலை சொல்லுமுன் இருமுறை படியுங்கள். நம் பிரதியில் அந்த முன்னுரைப் பக்கத்தின் மூலை இன்றும் மடிந்தே இருக்கிறது.