கட்டுப்பணம் குறைந்த திட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை ஒரு பரீட்சைக் காலம். மருந்துக் காப்புறுதித் திட்டத்தை மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்படும் நாட்கள் அவை. என்னுடன் பத்திரிகையில் ஒப்புநோக்காளராகப் பணிபுரிந்து, பின்னர் மகளிடம் நியூ ஜேர்சிக்குச் சென்ற நண்பர் ஒருவர் அந்நாட்களில் தவறாது தொலைபேசியில் அழைப்பார். அரசியல் பேச்சுக்கு அப்போது இடமிராது.

மெடிக்கெயார் திட்டம் 1965 இல் சட்டமானபோது வீட்டில் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. அக்குறையை நீக்க வந்த சட்டமூலம் 2003 நவம்பர் 22 அதிகாலையில் பிரதிநிதிகள் சபையில் 220 - 215 என்ற வாக்குகளால் நிறைவேறியது. வழமையாகப் பதினைந்து நிமிடங்களில் முடியும் வாக்கெடுப்பு ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள் இழுபட்டது. மருந்து விலை குறித்து அரசு நிறுவனங்களுடன் பேரம் பேசுவதை அச்சட்டம் தடைசெய்தது. அதனை முன்னின்று நகர்த்திய உறுப்பினர்களில் ஒருவரான பில்லி டோஸின் 2005 இல் மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார். செய்தியாளனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

2006 இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஆண்டின் மருந்துச் செலவு 2,250 டொலரைத் தாண்டினால் 5,100 டொலர் வரை முழுவதையும் நோயாளியே செலுத்தவேண்டும், கட்டுப்பணமோ நிற்காது. 'டோனட் ஓட்டை' என்று அமெரிக்கர்கள் அதைக் கேலி செய்தார்கள். அது சிறிது சிறிதாக அடைக்கப்பட்டு, 2025 இல் முற்றாக ஒழிந்தது. 2022 இல் நிறைவேறிய சட்டம் இன்சுலினுக்கு மாதம் 35 டொலர் என்ற எல்லையை விதித்தது. அரசு பேரம் பேசவும் அதுவே வழிதிறந்தது. எலிகுவிஸ், ஜார்டியன்ஸ் உள்ளிட்ட பத்து மருந்துகளின் பேசித் தீர்த்த விலை 2026 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. அவ்வாண்டில் ஒருவர் தம் கையிலிருந்து செலவிடவேண்டிய உச்சத்தொகை 2,100 டொலர்.

இந்த எண்ணை மட்டும் கேட்டு நிம்மதியடைவோர்தாம் ஏமாறுகிறார்கள். கட்டுப்பணம் அந்த 2,100 இல் சேராது. தெரிவுசெய்த திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இல்லாத மாத்திரைக்குக் கொடுத்த பணமும் சேராது. திட்டங்களை நடத்துவன தனியார் நிறுவனங்கள். பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரே குருதியமுக்க மாத்திரை ஒன்றில் மலிவான படியிலும் மற்றொன்றில் விலையுயர்ந்த படியிலும் இருக்கலாம். எந்த மருந்தகத்தில் வாங்குகிறோம் என்பதும் கணக்கை மாற்றும். எனவே கட்டுப்பணம் குறைந்த திட்டம் மலிவான திட்டம் என்று ஆகிவிடாது. நண்பர் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிவைத்து, எழுத்தெழுத்தாகப் பட்டியலுடன் ஒப்புநோக்குவார். பழைய தொழில் அங்கும் கைகொடுக்கிறது.

எனினும், தொடக்கத்தில் அவருக்கு ஒரு சறுக்கல் நேர்ந்தது. நிரந்தர வதிவிட உரிமையுடன் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்து மெடிக்கெயாரில் சேரும் தகுதி கிடைத்தபோது, 'நான் மருந்தே எடுப்பதில்லையே' என்று மருந்துக் காப்புறுதியை மட்டும் தள்ளிப்போட்டார். இலவச சிகிச்சைப் பிரிவில் மருந்து பெற்றே வளர்ந்த நம்மவருக்கு, நோய் வருமுன்பே மருந்துக்குப் பணம் கட்டுவது வீண்செலவாகத்தான் தோன்றும். ஆனால் அதற்கு நிகரான வேறு காப்புறுதியின்றித் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைக் கட்டுப்பணத்தில் ஒரு சதவீதம் தண்டமாகச் சேர்கிறது. 2026 இல் அந்த அடிப்படை 38.99 டொலர். முப்பது மாதத் தாமதத்துக்கு மாதந்தோறும் 11.70 டொலர். தொகை பெரிதன்று, ஆனால் காப்புறுதி இருக்கும் காலம் முழுவதும் அது தொடரும்.

வருமானம் குறைந்தோருக்கு 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்ற உதவி உண்டு. அதைப் பெறுவோருக்கு இந்தத் தண்டமும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காப்புறுதி முகவர் வீடு தேடி வருமுன் பிள்ளைகள் பெற்றோரை அவர்களிடம் அழைத்துச் செல்லலாம், மருந்துப் போத்தல்களையும் மறவாமல் எடுத்துக்கொண்டு.