வந்து மறையும் வட்டம்

எப்பொழுதும் கண்முன் நிற்கும் பழுதைத் திருத்துவது எளிது. வந்து மறையும் பழுதே நம் பொறுமையைச் சோதிக்கிறது. வீட்டில் இரவெல்லாம் இருமிய குழந்தை, மருத்துவரிடம் சென்றதும் இருமாமல் இருப்பதைப் போன்றது அது. கணிப்பொறி நம் இல்லங்களிலும் குடிபுகுந்துவிட்ட இந்நாளில் இச்சோதனை எவருக்கும் நேரலாம்.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலுக்கு அணித்தான தெருவொன்றில், பட்டு நெசவாளர் சிலரின் கூலிக் கணக்கை எழுத நான் உதவி வருகிறேன். இரண்டாயிரம் வரிகள் கொண்ட அப்பட்டியல், டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும் எளிய எழுதுநிரல் ஒன்றில் இருக்கிறது. ஒருநாள், தட்டச்சு செய்யும் இளைஞர், "ஐயா, பெயரெல்லாம் கெட்டுப் போகிறதே!" என்று பதறினார். 'பெருமாள்' என்னும் பெயரில் பகரம் தனித்து நின்றது. அதன் பின்னே, ஒற்றைக்கொம்பு புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு ஒட்டி நின்றது. கோப்பை மூடித் திறந்தோம்; பெயர் செம்மையாக இருந்தது. மறுவாரம் வேறொரு பெயரில் வட்டம் தோன்றியது. விவரம் அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டியபோது மறைந்தது.

வட்டத்தை அழித்து மீண்டும் அடித்துவிடலாமா என்று இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். வட்டம் கோப்பிலேயே இல்லையெனில், அழிவது கொம்பாகவே இருக்கும். 'பெருமாள்' 'பருமாள்' ஆகிவிடுவார். வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயரும் பட்டியலில் வேறொரு பெயரும் இருந்தால், கூலிக்காக அலையப் போகிறவர் நெசவாளர் அல்லவா?

பழுது காணும் முறையை நெசவாளரிடமே கற்கலாம். சேலையில் குறை கண்டதும் அவர்கள் நூலை அறுத்துவிடுவதில்லை. ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் குறை திரும்பி வந்தால் ஜக்கார்டு அட்டையைப் பார்ப்பார்கள். நீளவாக்கில் கோடாக ஓடினால் அறுந்த பாவு இழையைத் தேடுவார்கள். நாங்களும் முதலில் கோப்புக்கு ஒரு படி எடுத்துவைத்தோம். பின்னர் வட்டம் தோன்றும்போதெல்லாம், எந்த வரி, அதற்குச் சற்று முன் செய்தது என்ன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினோம்.

ஐந்து குறிப்புகள் சேர்ந்ததும் உண்மை புலப்பட்டது. ஐந்து முறையும் இளைஞர் ஒரு பெயரைத் தேடத் தொடங்கி, முதலெழுத்தாகிய பகரத்தை அடித்த அளவில், தொலைபேசி மணி கேட்டோ வாசலில் குரல் கேட்டோ எழுந்து சென்றிருந்தார். நாங்களே 'ப' என்று மட்டும் அடித்துத் தேடினோம், வட்டம் வந்தது. முழுப் பெயரையும் அடித்தோம், மறைந்தது.

காரணம் இதுதான். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில், நாம் முன்னே எழுதும் கொம்பு பகரத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போதுதான் முன்னே வருகிறது. தேடிக் கண்ட பகரத்துக்கு மட்டும் வண்ணம் பூச முயன்ற எழுதுநிரல், பகரத்தையும் கொம்பையும் தனித்தனியே வரைந்துவிட்டது. சார்ந்து நிற்க எழுத்தில்லாத கொம்புக்குத் துணையாகத் திரையில் வந்ததே அப்புள்ளி வட்டம். கோப்பில் ஒரு குறையும் இல்லை.

நிரலை ஆக்கியவர்களுக்கு இதனை எழுதியனுப்பினோம். முழுப் பெயரையும் அடித்தே தேடுவது என்று எங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டோம்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய பழுது தோன்றினால் உடனே எதையும் அழித்துவிடாதீர்கள். ஒரு படி எடுங்கள். முன் நிகழ்ந்ததைக் குறித்துவையுங்கள். அப்பழுதை நீங்களே வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். அழைத்தால் வரும் பழுது, பாதி தீர்ந்த பழுது. அந்த வாரமும் நெசவாளர் அனைவரும் தத்தம் பெயரிலேயே கூலி பெற்றார்கள்.