குரலும் முகமும்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிற்றூர்களில் ஒருகாலத்தில் சனிக்கிழமை இரவு தனிச்சிறப்பு உடையதாக இருந்தது. உணவை முடித்துக்கொண்டு குடும்பத்தார் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்வர். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் இசை நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். 1925 நவம்பரில் தொடங்கிய அந்நிகழ்ச்சி இன்றளவும் நடந்துவருகிறது. அதனை ஒலிபரப்பிய டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 1932-இல் 50,000 வாட் ஆற்றல் பெற்றது. கதிரவன் மறைந்தபின் மத்திய அலை வெகுதொலைவு செல்லும். ஆகவே பல மாநிலங்களுக்கு அப்பாலும் அந்தப் பாட்டு கேட்டது. மின்சாரம் எட்டாத வீடுகளில் மின்கலத்தால் இயங்கும் பெட்டிகளே இருந்தன. மின்கலம் தீர்ந்துவிடும் என்று அஞ்சி, வாரத்தின் பிற நாள்களில் பெட்டியைத் தொடாமல் சனிக்கிழமைக்கென்றே சேமித்துவைத்தவர்களும் உண்டு.

அவர்கள் கேட்ட இசைக்குக் ‘கண்ட்ரி’ இசை என்று பெயர். இதனை நாட்டுப்புறப் பாடல் என்று தமிழாக்கினால் பொருள் முழுமையாக வராது. நாட்டுப்புறப் பாடலுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் தெரியாது. கண்ட்ரி பாடலோ பெயர் தெரிந்த ஒருவர் இயற்றி, பெயர் தெரிந்த ஒருவர் பாடி, இசைத்தட்டாக விலைக்கு வந்தது. ஆயினும் அதன் வேர் மக்களிடையேதான் இருந்தது. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் வயலினையும் பழங்கதைப் பாடல்களையும் கொண்டுவந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில் இருந்த நரம்புக்கருவி பாஞ்சோவாக உருப்பெற்றது. இவ்விரண்டும் கிடாருடன் சேர்ந்து ஒலிப்பதே இந்த இசையின் அடிப்படை. பாடுபொருளும் எளியதே: ஓடும் ரயில், பிரிந்த காதல், சிறைக்கூடம், தாயின் நினைவு, விட்டுவந்த வீடு. மெட்டு பெரும்பாலும் மூன்று நான்கு சுரக்கோவைகளுக்குள் அடங்கிவிடும். முதன்முறை கேட்பவருக்கு எல்லாப் பாடல்களும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். சொற்களில் மனம் சென்றபின்தான் ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை என்பது விளங்கும். இந்த இசையின்மீது பற்றுக்கொண்டவர் பலரும் அவ்வாறு மெல்ல மெல்ல வந்தவர்களே.

பாஞ்சோவின் பிறப்பு இவ்வாறிருக்க, கண்ட்ரி வெள்ளையருக்கு உரிய இசை என்னும் எண்ணம் எவ்வாறோ நிலைபெற்றுவிட்டது. ஆப்ரியின் தொடக்ககால இசைவாணர்களுள் புகழ்பெற்றவர் டிஃபோர்ட் பெய்லி என்னும் கறுப்பினக் கலைஞர். மௌத் ஆர்கனில் ஓடும் ரயிலின் ஓசையை அப்படியே எழுப்புவார். வானொலியில் அவரைக் கேட்டோர் பலருக்கு அவர் நிறம் தெரியாது. ஊர் ஊராகச் சென்று வாசித்தபோதோ, உடன்சென்ற கலைஞர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1941-இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்ட பின்னர், அதே நாஷ்வில் நகரில் காலணிகளுக்கு மெருகிடும் கடை வைத்து வாழ்ந்தார்.

பெய்லி ஆப்ரியில் புகழோடு இருந்த 1934-ஆம் ஆண்டில், மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்னும் சிற்றூரில் சார்லி பிரைட் பிறந்தார். பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பம் அது. 11 பிள்ளைகளில் அவர் ஒருவர். பள்ளி, பேருந்து, குடிநீர்க் குழாய் அனைத்தும் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்த காலம். வானொலி அலையை அவ்வாறு பிரிக்க எவராலும் இயலவில்லை. தந்தை வீட்டிற்கு ஒரு ஃபில்கோ வானொலிப் பெட்டி வாங்கியிருந்தார். சனிக்கிழமை இரவில் அதில் ஆப்ரியை வைப்பவரும் அவரே. ராய் அகஃப், எர்னஸ்ட் டப், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகியோரின் பாடல்களைக் கேட்டே சிறுவன் பிரைட் வளர்ந்தான். சொல்லை நீட்டும் முறை, மூச்சை நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பெட்டியிடமிருந்தே கற்றுக்கொண்டான். 14-ஆம் வயதில் ஒரு கிடார் கைக்கு வந்தது. அதற்கும் ஆசிரியர் எவருமில்லை. அவர்களுடைய பாட்டை நீ ஏன் பாடுகிறாய் என்று தமக்கை கேட்டதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. கேட்டவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தனர்.

பருத்திக் காட்டிலிருந்து வெளியேற அவர் நம்பியது பாட்டை அன்று, பேஸ்பால் விளையாட்டை. மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் என்னும் கறுப்பினத்தார் அணியில் பந்து எறிந்தார். பின்னர் வடக்கே மொண்டானா மாநிலத்தில் உலோக உருக்காலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆலை அணிக்காக ஆடினார். ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் பாடுவதும் அவர் பணியாயிற்று. முதன்மை அணிகள் எதிலும் நிலையான இடம் கிடைக்காத நிலையில் நாஷ்வில் நகரை நாடினார்.

புகழ்பெற்ற கிடார்க் கலைஞரும் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தின் பொறுப்பாளருமான செட் அட்கின்ஸ், பிரைட்டின் ஒலிப்பதிவை நிறுவனத்தின் மேலாளர்களுக்குக் கேட்கச் செய்தார். பாடியவர் யார் என்பதைப் பாட்டு முடிந்தபின்னரே கூறினார். 1965-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு முதல் இசைத்தட்டு வந்தது. வானொலி நிலையங்களுக்கு அனுப்பும் இசைத்தட்டோடு பாடகரின் படத்தையும் அனுப்புவது வழக்கம். பிரைட்டின் தட்டுகளோடு படம் செல்லவில்லை. பெயருக்கு முன்னால் ‘கண்ட்ரி’ என்னும் அடைமொழி மட்டும் அச்சிடப்பட்டது. இது சூழ்ச்சியா, பாதுகாப்பா என்று இன்று எளிதாக வாதிடலாம். படம் சென்றிருந்தால் பல நிலையங்கள் தட்டைச் சுழலவிட்டே இருக்கமாட்டா. எவ்வாறாயினும், மக்கள் முகமறியாத ஒரு குரலை விரும்பத் தொடங்கினர்.

விரும்பிய குரலை நேரில் கேட்க வேண்டும் என்னும் ஆவல் இயல்பானது. 1966-இல் டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கில் அந்த வாய்ப்பு வந்தது. டெட்ராய்ட் வடக்கே உள்ள கார்த்தொழில் நகரம். கென்டகி, டென்னசி முதலிய மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்து குடியேறிய வெள்ளையர் அங்கு ஏராளம். ஊரை விட்டுவந்த அவர்களுக்கு அந்தப் பாட்டே சொந்த ஊர். அன்று ஏறத்தாழ 10,000 பேர் கூடியிருந்தனர். அறிவிப்பாளர் சார்லி பிரைட்டின் பெயரைச் சொன்னதும் கரவொலி எழுந்தது. அவர்கள் வீட்டில் கேட்டுப் பழகிய குரலுக்குரிய பெயர் அல்லவா! பிரைட் மேடைக்கு வந்தார். கரவொலி படிப்படியாகத் தேய்ந்து முற்றிலும் அடங்கிற்று.

ஒலிபெருக்கியின் முன் நின்ற அவருக்கு அப்போது வயது 32. அமெரிக்காவில் குடிசார் உரிமைகள் சட்டம் நிறைவேறி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் விடுதியின் கதவைத் திறக்கும். பத்தாயிரம் பேரின் கைகளைத் தட்டச்செய்ய அதற்கு ஆற்றல் இல்லை. பிரைட் அந்த மௌனத்தைக் கண்டும் காணாதவர்போலப் பாடத் தொடங்கவில்லை. இப்படி என்றும் மங்காத வெயில் நிறத்தோடு ஒருவன் வந்து கண்ட்ரி பாட்டுப் பாடுவது உங்களுக்குச் சற்றுப் புதுமையாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும் என்ற பொருளில் பேசினார். கோடையில் வெயில் காய்ந்து மேனியைப் பழுப்பாக்கிக்கொள்வது வெள்ளையரின் விருப்பமான பொழுதுபோக்கு. அவர்கள் விரும்பித் தேடும் நிறம் தமக்கு இயற்கையாகவே வாய்த்திருக்கிறது என்பதே அந்நகைச்சுவையின் உட்பொருள். அரங்கம் சிரித்தது. அவர் பாடினார். கேட்டுப் பழகிய அதே குரல். அடங்கிய கரவொலி மீண்டும் எழுந்தது.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர் பெரும்பாலும் நகைச்சுவையோடு நிறுத்திவிடுகின்றனர். அதில் ஒரு குறை உண்டு. சிரிக்கவைத்துத்தான் ஒருவர் தம் இடத்தைப் பெறவேண்டும் என்றால், அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை கணக்கில் வருவதில்லை. வெள்ளைப் பாடகர் எவரும் தம் தோலைப் பற்றி முன்னுரை கூறிவிட்டுப் பாடவேண்டியிருக்கவில்லை. ஆனால் அன்று மனம் மாறியவர்களையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கண் தடுத்ததை அவர்களுடைய காது மறுத்துவிட்டது. அந்தக் குரலை விரும்பியவர்கள் தாங்களே என்பதை அவர்களால் மறக்க இயலவில்லை.

1967 ஜனவரியில் பிரைட் நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கில் ஏறினார். தேவாலயமாகக் கட்டப்பட்டு 1892-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில்தான் அப்போது ஆப்ரி நடந்துவந்தது. பார்வையாளர் அமர்வதற்கு இருந்தவை வழிபாட்டுக்கென இடப்பட்ட நீண்ட மரப்பலகைகளே. அவரை அவைக்கு அறிமுகம் செய்தவர் எர்னஸ்ட் டப். ஃபில்கோ பெட்டியிலிருந்து பருத்திக்காட்டுச் சிறுவனுக்குப் பாடிக்காட்டிய அதே மனிதர். தனிக் கலைஞராக ஒரு கறுப்பினத்தவர் அம்மேடையில் நின்றது டிஃபோர்ட் பெய்லிக்குப்பின் அதுவே முதன்முறை. 1971-இல் கண்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது.

கடல்கடந்தும் அக்குரல் சென்றது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டினருக்கும் இடையே கலவரம் மூண்டிருந்த காலம். 1975-இல் நிகழ்ச்சி முடித்து இரவில் திரும்பிய மயாமி ஷோபேண்ட் இசைக்குழுவினர் மூவர் வழியில் கொல்லப்பட்டனர். அதன்பின் வெளிநாட்டுக் கலைஞர்கள் அப்பக்கம் வரவே அஞ்சினர். 1976-இல் பிரைட், பெல்ஃபாஸ்ட் நகரின் ரிட்ஸ் திரையரங்கிற்குச் சென்று பாடினார். தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் ஐயத்தோடு பார்த்த இரு தரப்பினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கேட்டனர். அவர் பாடிய ‘கிரிஸ்டல் ஷாண்டலியர்ஸ்’ என்னும் பாடல் இரு தரப்பாருக்கும் பொதுப் பாடலாகிவிட்டது. அயர்லாந்தின் வயலின் எந்த இசைக்கு உருக்கொடுத்ததோ, அந்த இசை மிசிசிப்பியின் பருத்திக்காட்டு மகன் வாயிலாகத் தன் பழைய மண்ணுக்குத் திரும்பிவந்தது எனலாம்.

பிரைட் 2000-ஆம் ஆண்டில் கண்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 2020 டிசம்பரில், தமது 86-ஆம் வயதில், கொரோனா தொற்றினால் ஏற்பட்ட உடல்நலக் குறைவால் காலமானார். பெய்லியின் பெயர் அப்புகழ்மண்டபத்தில் சேர்ந்தது பிரைட்டுக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005-இல். காலணிக் கடைக்காரராக வாழ்ந்த அவர் மறைந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.