அக்காவின் சம்பளமும் அப்பாவின் கிணறும்
இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு

உலகச் சந்தை எங்கோ தொலைவில் இருப்பதாகப் பாடம் படித்தபோது எண்ணினேன். அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிறாள். அந்தப் பனியன் கப்பலேறுகிறது; என் கல்லூரிச் செலவு அவள் சம்பளத்தில் நடக்கிறது. 2004 டிசம்பரோடு பணக்கார நாடுகளின் ஆடைக் கோட்டா முடிந்தது. வாய்ப்பும் பெருகியது, போட்டியும் பெருகியது. வங்கதேசத்து ஆடை 2001 முதல் ஐரோப்பாவுக்குள் வரியின்றி நுழைந்தது. நம் ஆடைக்கோ வரி இருந்தது. விலையைக் குறைத்தால்தான் ஆர்டர்.

அந்த மலிவுக்கு ஈடு கொடுத்தது நிலம். சுத்திகரிக்காத சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அப்பாவின் கிணறு உப்பாயிற்று, தென்னைகள் பட்டுப்போயின.

2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்பா மகிழ்ந்தார். துணி வராமல் அக்காவுக்கு வேலை நின்றது. ஒரே திண்ணையில் ஒருவர் சிரிக்க, ஒருவர் அழுததைச் சிறுவனாகப் பார்த்தேன்.

வணிகம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குச் சோறிட்டது அதுதான். பனியனின் விலையில் கிணற்றின் விலையும் சேரட்டும். உடுத்துகிறவரும் அதைக் கொடுக்கட்டும். அன்றுதான் எங்கள் திண்ணையில் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.