கூட வரும் பிள்ளைகளுக்கு

புற்றுநோய் மருத்துவமனையின் டே கேர் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கீமோ ஏற்றிக்கொள்ள வரும் அப்பா அம்மாக்களுக்குத் துணையாக இப்போதெல்லாம் காலேஜ் முடித்த பிள்ளைகள்தான் வருகிறார்கள். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் போன். ஊசி குத்தும் முன்பே, "தைரியமா இருப்பா, பல்லைக் கடிச்சிட்டுத் தாங்கிக்கோ" என்று சொல்லிவிடுவீர்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் பெருங்குடல் புற்றுநோய்க்கான கீமோவில் இதைவிட ஆபத்தான ஆறுதல் வேறில்லை என்பேன்.

"கட்டியைத்தான் ஆபரேஷன்ல எடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு கீமோ?" என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நோய் பக்கத்து நெறிக்கட்டிகளைத் தொட்டுவிட்டால் அது மூன்றாம் நிலை. அப்போது எந்த ஸ்கேனிலும் தெரியாத அணுக்கள் உடம்பில் எங்காவது தங்கியிருக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சார்ல்ஸ் மோர்டெல் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது. ஆபரேஷனுக்குப் பின் ஃப்ளூரோயுராசிலோடு லெவாமிசோல் என்ற மருந்தையும் கொடுத்ததில், மூன்றாம் நிலை நோயாளிகளிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. லெவாமிசோல் பூச்சி மருந்து என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பின்னாளில் அதை விட்டுவிட்டு லூகோவோரினைச் சேர்த்தார்கள். ஃப்ளூரோயுராசில் மட்டும் 1957இல் ஹைடல்பெர்கர் குழு அறிமுகப்படுத்திய நாளிலிருந்து இன்றுவரை அசையாமல் நிற்கிறது. 2004இல் வந்த ஆய்வுக்குப் பிறகு ஆக்ஸாலிபிளாட்டினும் கூடச் சேர்ந்துகொண்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆபரேஷனிலேயே நோய் தீர்ந்துவிட்டவர்களும் கீமோ நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். கீமோ முடித்தும் நோய் திரும்பியவர்களும் உண்டு. யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிப் பிரிக்க இன்னும் சரியான வழி இல்லை. நோய் திரும்பி வராமல் தடுக்கத்தான் இந்த மருந்து. ஏற்றிக்கொள்பவர் இன்னும் இருபது வருஷம் வாழப்போகிறவராக இருக்கலாம். அத்தனை வருஷமும் அதே கை, அதே காலோடுதான் நடமாட வேண்டும்.

ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பைப் பிடிக்கும். மருந்து ஏறிய சில நாளைக்குக் குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தால் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டதாகத் தோன்றும். இது பயமுறுத்துமே தவிர, சில நாளில் தணிந்துவிடும். சைக்கிள், அதாவது மருந்து ஏற்றும் தவணை, கூடக்கூட விரல்நுனியிலும் பாதத்திலும் ஏறும் மரமரப்புதான் வேறு ஜாதி. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகும். சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை.

பூக்கட்டிப் பிழைத்த ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார்: "கை கால் எப்படிம்மா இருக்கு?" "நல்லா இருக்கு சார்." மகன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். சிகிச்சை பாதி முடிந்திருந்தபோது ஒருநாள், ஒரு கால் செருப்பில்லாமல் வார்டுக்குள் நுழைந்தார். செருப்பு எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். "பூ எண்ண முடியல சிஸ்டர். நூல் விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியல. சொன்னா மருந்தை நிறுத்திருவாங்க, நோவு திரும்பிரும். பையன் வேற தைரியமா இருக்கச் சொல்லியிருக்கான்." அன்றே டாக்டர் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்தினார். மற்ற மருந்து தொடர்ந்தது. அப்படிச் செய்ய வழி உண்டு என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. மகனுக்கும்தான்.

வெள்ளையணு குறைந்தால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். ஈரலும் சிறுநீரகமும் அப்படியே. மரமரப்புக்கு அன்றாடம் எடுக்கிற எந்தப் பரிசோதனையும் கிடையாது. நோயாளி வாய் திறந்தால்தான் உண்டு. "நல்லா இருக்கு" என்ற ஒரு பொய்யை நம்பி அடுத்த டோஸ் ஏறிவிடும்.

வயிற்றுப்போக்கும் இப்படித்தான். இதே கீமோவில் கேப்சிடபின் மாத்திரை சாப்பிடுகிறவர் மருமகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, உடம்பு வற்றிப்போய் வந்து சேர்வார். முதல் சைக்கிளிலேயே கடும் பேதியும் வாய்ப்புண்ணும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்கவே கூடாது. அந்த மருந்தை உடைக்கும் நொதி சிலர் உடம்பில் பிறவியிலேயே குறைவு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருப்பது வெள்ளையணு குறைந்தவருக்கு உயிராபத்து. சத்துக்கு என்று நீங்களே வாங்கித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது இந்த மருந்துகளின் நச்சைக் கூட்டும்.

சொல்லாமல் மறைக்கும் பழக்கம் நோய்க்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று தானே முடிவுகட்டிக் களிம்பு வாங்குகிறவர்களில் படித்தவர்களும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில்தான் இறந்தார். அந்தத் துக்கமே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. நூறு வருஷம் கழிந்தும் உடம்பின் அந்த இடத்தைப் பற்றிப் பேச நமக்கு நாக்கு எழவில்லை. உங்கள் வயதுக்காரர்களுக்கும் இந்த நோய் வருகிறது, ஆகவே இது பெரியவர்களுக்கு மட்டும் சொல்வதில்லை.

ஒளிக்காமல் சொன்னால் என்ன பலன் என்பதையும் பாருங்கள். 2018இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, 12,834 பேரிடம் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்: ஆறு மாதக் கீமோ வேண்டுமா, மூன்று மாதம் போதுமா? மூன்று மாதத்தோடு நிறுத்தியவர்களில், அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும் அளவு நரம்புக் கோளாறு வந்தது ஆறில் ஒருவருக்கும் குறைவாகவோ அதையொட்டியோதான். ஆறு மாதம் எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்தது. மூன்றாம் நிலையிலேயே ஆபத்து குறைந்த வகையினருக்கு, கேப்சிடபினும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதம் போதும் என்று பல மருத்துவர்கள் இன்று முடிவெடுப்பது இதை வைத்துத்தான். அந்த மரமரப்புக் கணக்கு முழுக்க நோயாளிகள் ஒளிக்காமல் சொன்னதால் வந்தது.

ஆகவே அடுத்த சைக்கிளுக்குக் கிளம்பும் காலையில், அப்பாவின் சட்டைப் பொத்தானை நீங்கள் போட்டுவிடாதீர்கள். அவரே போடட்டும், எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அம்மாவானால் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, டாக்டர் கேட்கும் முன்பே மேஜையில் வையுங்கள்.