நாரிநோவும் ஓய்வுபெற்ற ஓட்டக்காரனும்

நாரிநோ என்பது மேசையில் குனிந்திருந்து பிழைத்த என் தலைமுறைப் பத்திரிகையாளருக்குப் புதிய விடயமன்று. கொழும்பில் ஆசிரிய பீடத்தில் பணியாற்றிய காலத்தில், நள்ளிரவு கடந்து முதற்பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு எழும்பும்போது கதிரையின் கையைப் பற்றாமல் எழும்பியவர் எங்களுள் எவருமிலர். ஆயினும், அந்த நோவைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவற்றுள் பாதிக்கு மேல் மெல்பேணில் மகளின் வீட்டில் வாழும் ஒரு நாயிடம் கற்றவை என்று எழுதினால் பழைய நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவன் கிரேஹவுண்ட் இனத்தவன். (நாயை 'அது' என்று எழுதுவதே பத்திரிகை நியதி. வீட்டு வழக்கு 'அவன்'. இங்கே வீட்டு வழக்கே வென்றது.) கறுத்த உடல், நரைத்த முகவாய், காதின் உட்புறத்தில் பச்சை குத்திய அடையாள எழுத்துகள். பந்தயத்துக்காகவே பிறப்பிக்கப்பட்டு, ஓட்டம் குறைந்ததும் கழிக்கப்பட்டவன். அவுஸ்திரேலியாவில் இந்தப் பந்தயத்தின் மறுபக்கம் 2015 பெப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கோர்னர்ஸ்' நிகழ்ச்சி மூலம் அம்பலமானது. உயிருள்ள சிறு பிராணிகளை இரையாகக் கட்டி நாய்களைப் பயிற்றுவித்த காட்சிகளை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் அரசு பந்தயத்தைத் தடைசெய்வதாக அறிவித்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியது. அந்த அரசியலைத் தனியே எழுதவேண்டும். 2019இல் அவன் இவ்வீட்டுக்கு வந்தபோது வயது 5. இப்போது 11 முடிந்துவிட்டது.

மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், எப்போதும் இடப்பக்கமாகவே வளையும் பாதையில் ஓடிய உடல் அது. வலது பின்னங்காலின் கணுவில் என்பு முறிவது இந்நாய்களிடம் அடிக்கடி காணப்படுவதற்கு அந்த வளைவே காரணம் என்பர். எங்களவனுக்குக் கால் தப்பியது. நாரி தப்பவில்லை.

முதலில் காரில் தாவி ஏறுவதை நிறுத்தினான். வயதென்று நினைத்தோம். பின்னர், நடைபாதையில் பின்னங்காலின் நகங்கள் சீமெந்தில் உரசும் ஒலி கேட்கத் தொடங்கியது. வால் தொங்கியது. ஒரு நாள் பேரன் விளையாட்டாக வாலைத் தூக்கியபோது அவன் இட்ட அலறலுக்கு அயல்வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தனர்.

மிருகவைத்தியர் தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வயதான கிரேஹவுண்ட் நொண்டினால் முதலில் அஞ்சவேண்டியது என்புப் புற்றுநோய்க்கு. இந்த இனத்தை அது அதிகமாகவே தாக்குகிறது. படம் வரும்வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. புற்றுநோய் இல்லை. நாய்க்கு நாரி முள்ளெலும்புகள் ஏழு; நமக்கு ஐந்து. அந்த ஏழாவது எலும்பு இடுப்பெலும்போடு பொருந்துமிடத்தில், தேய்மானத்தால் நரம்புவழி ஒடுங்கிவிட்டது. அவ்வழியாகச் செல்லும் நரம்புக் கற்றைக்கு மருத்துவர்கள் வைத்த இலத்தீன் பெயரின் பொருள் 'குதிரைவால்'. குதிரைபோல ஓடியவனுக்குக் குதிரைவாலில் நோ வந்தது. தலைப்பு எழுதிப் பழகிய கைக்கு இதை விட்டுச்செல்ல மனமில்லை.

மருந்துகள் இரண்டு. மெலொக்சிகாம் என்ற அழற்சி நீக்கி காலையில், உணவோடு, ஒரே வேளை. குளிசையாக அன்றித் திரவமாகக் கொடுக்கிறோம். கூடவரும் ஊசிக்குழலில் மில்லிலீற்றருக்குப் பதிலாக நாயின் நிறையே கிலோக் கணக்கில் குறிக்கப்பட்டுள்ளது. 32 என்ற கோடுவரை இழுத்தால் சரி. கணக்கில் நலிந்த என் போன்றோர்மீது எவரோ இரங்கியிருக்கிறார். மற்றது கபாபென்ரின், 300 மில்லிகிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நரம்பு நோவை மட்டுப்படுத்துவது அது. மனிதருக்கான மருந்தேதான்; ஆனால் மனிதருக்கான அதன் திரவ வடிவங்கள் சிலவற்றில் சைலிற்றோல் என்ற இனிப்பு உண்டு. நாய்க்கு அது நஞ்சு. ஆகவே கூட்டுக்குளிசையை வேகவைத்த பூசணித் துண்டில் பொதிந்து கொடுக்கிறோம்.

கனடாவிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில், "ஒரு பனடோலைக் குடுத்துப் பாருமேன்" என்றார். நம்மவர் வீடுகளில் பனடோல் சர்வரோக நிவாரணி. அளவு மிஞ்சினால் அது நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுப்ரூஃபன் இன்னும் மோசம், குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் வீழ்த்தும். வைத்தியர் எழுதித் தராத எதையும் நாயின் வாயில் இடுவதில்லை என்பது இங்கே சட்டம். தைலம் பூசினாலும் நக்கிவிடுவான். வேறு மருந்துகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்டிருக்கிறேன். முன்பு நாய்களுக்குத் தாராளமாக எழுதப்பட்ட ட்ரமடோல், மூட்டுவாதமுள்ள நாய்களிடம் பலன் காட்டவில்லை என்று 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசி மூட்டு நோவுக்குப் பெயர்பெற்றது; ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மிருகவைத்தியர்களுக்கு எழுதிய கடிதத்தில், அதைப் பெற்ற நாய்கள் சிலவற்றில் தள்ளாட்டம், வலிப்பு முதலியன அறிவிக்கப்பட்டதாகக் குறிப்பிட்டிருந்தது. ஏற்கெனவே பின்னங்கால் தளர்ந்த எங்களவனுக்கு வேண்டாமென்று வைத்தியர் ஒதுக்கிவிட்டார்.

மருந்தின் பெயர்களை அறிவது இலகு. நோ குறைந்ததா என்பதை அறிவதே பாடு. வைத்தியர் "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் மகள் "பரவாயில்லை" என்பாள், மனைவி "பாவம், ஏலாமல் இருக்கிறான்" என்பார், பேரன் "நல்லாத்தான் இருக்கிறான்" என்பான். மூன்று சாட்சிகள், மூன்று வாக்குமூலங்கள். ஆகவே பழைய நிருபர் குறிப்பேடு ஒன்றை எடுத்தேன். எழும்பிய நேரம், எத்தனை முயற்சியில் எழும்பினான், நகம் உரசியதா, உண்டானா, மூச்சிரைத்தானா. அபிப்பிராயம் எழுதுவதில்லை.

மூன்று கிழமைகளில் குறிப்பேடு கதைக்கத் தொடங்கியது. அதிகாலை நான்கு மணியளவில் அவன் எழுந்து விறாந்தையில் உலாவுவது நாள் தவறாமல் பதிவாகியிருந்தது. இராக் குளிசையை எட்டு மணிக்குக் கொடுத்துவந்தோம். அதன் வேலை நான்கோடு முடிந்துவிடுகிறது. வேளைகளைக் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று மாற்றினோம். உலாவல் நின்றது. பின்பு குளிர்காலத்தில் நோ கூடியபோது வைத்தியர் அளவை உயர்த்தினார். நோ தணிந்தது, ஆனால் குசினித் தரையில் கால்கள் விரிந்து விழுந்தான், நாளெல்லாம் தூங்கினான், பெயர் சொல்லி அழைத்தால் தலை நிமிர்த்தவில்லை. நோவில்லாத ஆனால் எங்களை அறியாத ஒருவனை வைத்திருப்பதா, சற்று நோவோடு வாசலுக்கு வரும் ஒருவனை வைத்திருப்பதா என்று அந்த வாரம் வீட்டில் பெரும் விவாதம். அவனிடம் கேட்க வழியில்லை. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வைத்தியரின் சொற்படி படிப்படியாகப் பழைய அளவுக்கு இறங்கினோம்.

இன்னொன்றையும் கிரேஹவுண்ட் வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும். அழற்சி நீக்கி தொடர்ந்து உண்ணும் நாயின் இரத்தத்தைக் காலத்துக்குக் காலம் சோதிப்பது அவசியம். சென்ற ஆண்டு, வழமையான வைத்தியர் விடுமுறையில் இருந்தபோது பார்த்த இளம் வைத்தியர், கிரியற்றினின் கூடியிருக்கிறது, சிறுநீரகம் பழுதாகிறது, மெலொக்சிகாமை நிறுத்துங்கள் என்றார். நிறுத்திய நான்காம் நாள் அவனால் எழும்ப முடியவில்லை. வழமையானவர் திரும்பிவந்து, பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்டார். ஆறு ஆண்டுகளாக அதே எண். தசை மிகுந்த இந்த இனத்துக்குக் கிரியற்றினின் இயல்பிலேயே அதிகம். செங்குருதிக் கலங்களும் அதிகம். குருதிச் சிறுதட்டுகளும் தைரொயிட் சுரப்பும் குறைவு. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கில்லெர்மோ கூட்டோ போன்றோர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய விடயம் இது. எல்லா நாய்களுக்குமான அட்டவணையில் வைத்துப் பார்த்தால் நல்ல கிரேஹவுண்டும் நோயாளிதான். சிறுநீரையும் சோதித்த பின்னரே மருந்து மீண்டும் தொடங்கியது. பழைய அறிக்கைகளைக் கோவையில் வைத்திருந்த மகளுக்கு நன்றி.

மற்றவை சிறு ஏற்பாடுகள். வழுக்கும் தரையெங்கும் இறப்பர் அடியுள்ள விரிப்புகள், காருக்கு ஒரு சாய்தளம், எலும்பு துருத்திய உடலுக்குத் தடித்த மெத்தை, குளிருக்குக் கம்பளிச் சட்டை. ஒரு நீண்ட நடைக்குப் பதிலாக மூன்று குறு நடை. நிறை கூடாமல் பார்த்துக்கொள்வது மனைவிக்கும் அவனுக்கும் இடையிலான தீராத வழக்கு.

சத்திரசிகிச்சை உண்டு. இந்த வயதில் வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டோம். அப்படியானால் ஒரு நாள் வரும், அதை எப்படி அறிவது என்று மகள் வைத்தியரிடம் கேட்டாள். அவன் விரும்பிச் செய்யும் மூன்றை எழுதிவையுங்கள், இரண்டு இல்லாமற் போனால் என்னிடம் வாருங்கள் என்றார் அவர். குறிப்பேட்டின் பின் அட்டையில் எழுதியிருக்கிறோம். காலையில் வளவைச் சுற்றி ஒரு வட்டம் ஓடுவது. மனைவியின் கையால் ஒரு துண்டு இடியப்பம் உண்பது. வடக்குச் சன்னலின் வெயிலில், நான்கு கால்களும் மேலே கிடக்க, மல்லாந்து தூங்குவது.

ஓட்டம் நின்று ஓராண்டாகிறது. மல்லாந்து கிடப்பதும் இடையில் நின்று, மருந்து வேளைகளை மாற்றிய பின் திரும்ப வந்தது. இன்று பிற்பகல் இருபது நிமிடம் அப்படிக் கிடந்தான். இரண்டு மணிக் குளிசைக்காக எழுப்பவேண்டியிருந்தது.