உயிருள்ள எலும்பு

கழுத்தின் அடியிலிருந்து தோளை நோக்கிச் செல்லும் காறை எலும்பை உங்கள் விரல்களால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தாயின் வயிற்றில் நீங்கள் 5 அல்லது 6 வாரக் கருவாய் இருந்தபோது உங்கள் உடலில் முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்கியது அதுவே. ஆனால் மற்ற எலும்புகள் எல்லாம் வளர்ந்து முடிந்த பின்னரும், உங்களுக்கு ஏறத்தாழ 25 வயது ஆகும்வரையில் அதன் உட்பக்க முனை வளர்ச்சியை முடித்திருக்கவில்லை.

நம்மில் பலர் எலும்பை வீட்டுத் தூணைப்போல எண்ணிவிடுகிறோம். ஒருமுறை நிறுத்திவிட்டால் இடியும்வரை அப்படியே நிற்கும் என்பது நம் எண்ணம். இறைச்சிக் கடையிலும் கல்லறைத் தோட்டத்திலும் நாம் காண்பது உயிரற்ற எலும்பு. ஆகவே அது வெளுத்தும் உலர்ந்தும் இருக்கிறது. உயிருள்ள உடலிலோ எலும்பு ஈரமானது, சற்றே இளஞ்சிவப்பானது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதற்குள் ஓடுகின்றன. இடுப்பு, மார்பு, முதுகெலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன.

பிறந்த குழந்தைக்கு எலும்புகள் 300 அளவில் இருக்கும். அவற்றில் பல ஒன்றோடொன்று இணைந்து, வளர்ந்த மனிதனுக்கு 206 ஆகின்றன. அவற்றில் 106 எலும்புகள் நம் இரு கைகளிலும் இரு பாதங்களிலும் மட்டுமே உள்ளன என்பது வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் என்னை வியக்கவைத்த செய்தி. அந்நாட்களில் விடுதியில் அடிக்கடி எழுந்த வாதம் ஒன்றும் உண்டு: ஆதாமின் விலா எலும்பு எடுக்கப்பட்டபடியால் ஆண்களுக்கு ஒரு விலா குறைவா என்பது. இன்றும் சிலர் ஆராதனை முடிந்தபின் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடிதான். பிரேதங்களை அறுத்துச் சோதித்த வெசாலியுஸ் என்னும் மருத்துவர் 1543ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே இதை எழுதிவிட்டார். மேலும், அறுவை மருத்துவர்கள் விலா எலும்பை எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை விட்டுவைத்தால், அந்த உறையிலிருந்து எலும்பு மறுபடியும் வளர்வதுண்டு.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கோழியின் கால் எலும்பு ஒன்றை வினிகரில் ஒரு வாரம் ஊறவையுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், எலும்பு ரப்பரைப்போல் வளையும். இன்னொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டால் வடிவம் மாறாமல் இருக்கும், தட்டினாலோ நொறுங்கும். முதலாவதில் எஞ்சியது கொலாஜன் என்னும் புரத இழை, இரண்டாவதில் எஞ்சியது தாது. நம் சபைகளில் கட்டட வேலை செய்யும் சகோதரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒன்று கம்பி, மற்றது சிமெண்டு. ஆனால் போட்ட கான்கிரீட்டைத் தானே உடைத்துத் தானே பூசிக்கொள்ளும் கட்டடத்தை எந்த மேஸ்திரியும் கண்டதில்லை.

நம் எலும்போ அதைத்தான் நாள்தோறும் செய்கிறது. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்கள் ஒரு புறமும், புதியதைக் கட்டும் அணுக்கள் மறுபுறமும் இரவும் பகலும் வேலை செய்கின்றன. ஓராண்டில் நம் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. ஏன் இந்த ஓயாத உடைப்பு? அன்றாட நடையில் உண்டாகும் நுண்ணிய விரிசல்களைச் சரிசெய்வது ஒரு காரணம். இரத்தத்தின் தேவை மற்றொரு காரணம். உடலின் கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ, எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதமுள்ள சிறு பங்கு இல்லாவிட்டால் இருதயம் ஒழுங்காய்த் துடிக்காது, தசை சுருங்காது, இரத்தம் உறையாது. அது இரத்தத்தில் சற்றுக் குறைந்தாலும், கழுத்தில் தைராய்டின் பின்னே இருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் உடனே அறிந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கக் கட்டளையிடுகின்றன. நாம் உண்ணாவிட்டாலும் இருதயம் துடிக்கிறது. அந்தச் செலவை எலும்பு ஏற்கிறது.

30 வயதளவும் வரவு மிகுதி. அதன்பின் செலவு மெல்ல முந்துகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின்வரும் சில ஆண்டுகளில், கரைக்கும் அணுக்களை அடக்கிவைத்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால், இழப்பு வேகமாகிறது. வலியில்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் மெலிவு தெரியும்போது தாதுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

2013ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மும்பையில் எங்கள் வீட்டில், அடுக்களையிலிருந்து திரும்பும்போது என் தாயார் விழுந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 74. எழ முடியவில்லை. வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தது. ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த உறவினர் எல்லாரும் ஒரே குரலாய், “புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடுங்கள், அறுக்க விடாதீர்கள்” என்றனர். ஆந்திராவின் புத்தூர்க் கட்டுக்கு நம் மக்களிடையே இருக்கும் மதிப்பை நான் அறிவேன். ஆனால் இந்த எலும்பின் காரியம் வேறு. தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு இரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டி ஏறும் சிறு குழாய்களால்தான் செல்கிறது. கழுத்து முறிந்து விலகினால் குழாய்களும் அறுந்து, தலை இரத்தமின்றிச் செத்துப்போகலாம். அதை வெளியிலிருந்து எத்தனை இறுக்கிக் கட்டினாலும் பயனில்லை. மருத்துவர் படத்தைக் காட்டி இதை விளக்கினார். அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்தினார்கள்.

மறுநாள் காலையில் நிகழ்ந்ததுதான் எங்கள் குடும்பத்தைத் திகைக்கவைத்தது. உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் இளம்பெண் ஒருவர் வாக்கரோடு வந்து, தாயாரை எழுந்து நிற்கச் சொன்னார். என் தங்கை அழுதே விட்டாள். “ஐயோ, நேற்றுத்தானே அறுத்தார்கள், படுத்திருக்கட்டுமே” என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, தாயாருக்கு மராத்தி தெரியாது. அவர் மராத்தியில் அடிகளை எண்ண, தாயார் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் எண்ணினார்கள். ஐந்தாவது அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மாலையில் ஒன்பது.

படுக்கையில் கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், புண் வரும். இவற்றோடு எலும்பும் கரையும். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதியதன் சாரம் இது: எலும்பு தன்மேல் வரும் பாரத்திற்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். எடையில்லாமல் மிதக்கும் விண்வெளி வீரர்களோ, இடுப்பு எலும்பின் தாதுவில் மாதத்திற்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை இழக்கிறார்கள். பாரமில்லாத எலும்பை உடல் தேவையற்றதாக எண்ணிக் கரைத்துவிடுகிறது. தாயார் அதன்பின் ஆறு ஆண்டுகள், கையில் கோலோடு, தாமே நடந்து ஆராதனைக்கு வந்தார்கள்.

அன்பானவர்களே, பட்டணத்துச் சபைகளின் வீடுகளுக்குச் சந்திப்புக்குச் செல்கிறேன். தகப்பன் மரித்தபின் ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட தாய்மார் பலரை அங்கே காண்கிறேன். ஊரில் தண்ணீர் சுமந்தவர்கள், கடைக்கும் ஆலயத்துக்கும் நடந்தவர்கள். இங்கே நான்காம் மாடியில், கதவடைத்த அறையில், தொலைக்காட்சியின்முன் இருக்கிறார்கள். “நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உட்காருங்கள் அம்மா” என்று மருமகள் அன்போடுதான் சொல்லுகிறாள். அக்கம்பக்கத்தாரும் அவளை மெச்சுகிறார்கள். ஆனால் அந்த அம்மாவின் தொடை எலும்புக்கு அந்த நாற்காலி நல்லதல்ல. அவர்கள் கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும், மாலையில் யாராவது கைபிடித்துக் கீழே இறங்கிவரட்டும்.

வெயிலும் வேண்டும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. அதிகாலை வெயிலிலும் அது மிகக் குறைவு. 11 மணிக்குமேல் மாடியில் வடகம் காயவைக்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிடலாம், கோடை உச்சத்தில் மட்டும் கவனம் தேவை. உணவில், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் இருக்கிறது. பாலும் எள்ளும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் நமக்குப் புதியவை அல்ல. பட்டணம் வந்தபின் இவற்றை ஏழைகளின் உணவென்று நாம் ஒதுக்கியதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு காரியம், 50 வயதைக் கடந்த சகோதரிகளுக்கு. நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்து, கையை ஊன்றியதால் மணிக்கட்டு முறிந்தால், மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் அது கூடிவிடும். தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ பெரும்பாலும் தழும்பின்றி எலும்பாகவே கூடுகிறது. அத்துடன் மறந்துவிடாதீர்கள். அந்தச் சிறு விழுகையில் முறிந்தது, இடுப்பும் முதுகெலும்பும் மெலிந்திருப்பதன் முன்னறிவிப்பாய் இருக்கலாம். கட்டைப் பிரிக்கும் நாளில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படுத்திருக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும், வலியில்லை. மெலிவு இருந்தால் அதற்கு மருந்துகள் இருக்கின்றன.